இரண்டு நாடுகளின் எம்.டி.எஃப் இறக்குமதி மதிப்பை ஒப்பிடுவது எப்படி

ஒரு நாடு வருடத்துக்கு 24 கோடி டாலருக்கு எம்.டி.எஃப் பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை) இறக்குமதி செய்கிறது, இன்னொரு நாடு 18 கோடி டாலருக்குச் செய்கிறது. எது பெரிய சந்தை? முதல் நாடுதான் என்று வாய் உடனே சொல்லிவிடும். ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பதிலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது, எப்படிச் செய்தால் முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 24, 18 என்பவை கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள், எந்த நாட்டுடையதும் அல்ல. முதல் நாட்டை அ என்றும் இரண்டாவதை ஆ என்றும் வைத்துக்கொள்வோம்.

இறக்குமதி மதிப்பு என்ற ஒரே எண்ணுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எத்தனை கன மீட்டர் வந்தது, ஒரு கன மீட்டர் என்ன விலை, வந்தது எந்த வகைப் பலகை. இதற்கு மேல் கப்பல் கட்டணம், நாணய மாற்று, நிதியாண்டு, மறு ஏற்றுமதி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒப்பிடுவது என்றால் இந்தக் கலவையைப் பொறுமையாகத் திரும்பப் பிரிப்பது, அவ்வளவுதான். பெரிய புள்ளியியல் அறிவு வேண்டாம், ஒரு விரிதாளும் பெருக்கல் வகுத்தலும் போதும்.

முதலில் பொருள் எது என்று முடிவு செய்யுங்கள்

"மரப்பலகை இறக்குமதி" என்று தேட ஆரம்பித்தால் அன்றே வழி தவறிவிடும். சுங்க உலகத்தில் எல்லாவற்றுக்கும் எச்.எஸ். எண் என்ற சர்வதேச வகைப்பாட்டுக் குறியீடு உண்டு, முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. மரம் 44ஆம் அத்தியாயம். அதில் 4408 வெனீர் (மெல்லியதாகச் சீவிய மரத் தாள்), 4410 பார்ட்டிகிள் போர்டும் (மரத்தூள் பலகை) ஓ.எஸ்.பி-யும் (மரச் சீவல்களை அடுக்கி ஒட்டிய பலகை), 4411 நார்ப்பலகைகள், 4412 ப்ளைவுட்டும் அதன் உறவுக்காரர்களும். எம்.டி.எஃப் இருப்பது 4411-க்குள். தடிமன் 5 மில்லிமீட்டர் வரை 4411.12, அதற்கு மேல் 9 வரை 4411.13, 9-க்கு மேல் 4411.14. மிச்சமிருக்கும் 4411.92, 93, 94 மூன்றும் மற்ற நார்ப்பலகைகள், அடர்த்தியை வைத்துப் பிரித்தவை. ஆகவே எம்.டி.எஃப் வேண்டுமென்றால் முதல் மூன்றையும் கூட்டுங்கள். 4411 முழுவதையும் எடுத்துவிட்டு எம்.டி.எஃப் என்று தலைப்பு போடாதீர்கள்.

ப்ளைவுட் ஒப்பிடுபவர்களுக்கு 4412 இன்னும் வழுக்கலான இடம். மூங்கில் பலகைக்கு 4412.10, வழக்கமான ப்ளைவுட்டுக்கு 4412.31 முதல் 39 வரை. பிளாக்போர்டும் (நடுவில் மரக்கட்டைகள் வைத்து ஒட்டிய பலகை) எல்.வி.எல்-லும் (மரத் தாள்களை ஒரே திசையில் அடுக்கி ஒட்டியது) எச்.எஸ். பட்டியலின் 2022 பதிப்புக்கு முன் 4412.9-க்குள் கிடந்தன, அந்தப் பதிப்பில்தான் எல்.வி.எல் 4412.4-க்கும் பிளாக்போர்டு 4412.5-க்கும் பிரிந்து போயின. இது தெரியாமல் 4412.9-ஐ மட்டும் 2018 முதல் 2023 வரை வரைந்தால் 2022-இல் கோடு பள்ளத்தில் விழும். விழுந்தது சந்தை இல்லை, எண். அது மட்டுமில்லை, 2022 ஜனவரி 1 அன்று பதிப்பு நடைமுறைக்கு வந்தாலும் எல்லா நாடும் அன்றே மாறிவிடவில்லை. அ புதிய பதிப்பிலும் ஆ பழைய பதிப்பிலும் இருக்கும் ஒரு வருடத்தை ஒப்பிட நேர்ந்தால் இரண்டையும் பழைய பதிப்புக்குக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள், அல்லது நான்கு இலக்கத்தோடு நின்றுவிடுங்கள். எம்.டி.எஃப்-க்கும் இதே மாதிரி ஒரு முறிவு உண்டு. 2007 பதிப்பில்தான் அதற்குத் தனி உட்பிரிவு கிடைத்தது, அதற்கு முன் 4411-ஐ அடர்த்தியை வைத்தே பிரித்திருந்தார்கள்.

ஆறு இலக்கத்துக்கு மேலே போனால் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்கிறது. இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் எட்டு இலக்கம், ஜப்பான் ஒன்பது, அமெரிக்கா பத்து. அ நாட்டின் எட்டு இலக்க எண்ணும் ஆ நாட்டின் எட்டு இலக்க எண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அர்த்தம் வேறாக இருக்கலாம். நாடுகளை ஒப்பிடும் மேசையில் ஆறு இலக்கம்தான். எட்டும் பத்தும் ஒரு நாட்டுக்குள் தோண்டிப் பார்க்க மட்டும்.

எண்ணை எங்கே எடுப்பது

இலவசமாகக் கிடைக்கும் இரண்டு இடங்கள் போதும். ஒன்று ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேட், இன்னொன்று உணவு வேளாண்மை அமைப்பின் எஃப்.ஏ.ஓ.ஸ்டாட் தளத்தில் உள்ள வனப்பொருள் பகுதி. காம்ட்ரேட்டில் எச்.எஸ். எண் வாரியாக, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது வரை கிடைக்கும், மதிப்பு டாலரில். எஃப்.ஏ.ஓ.ஸ்டாட்டில் பொருட்கள் எம்.டி.எஃப், ஓ.எஸ்.பி, ப்ளைவுட் என்று பெயரிலேயே இருக்கும், மதிப்பு ஆயிரம் டாலரில், அளவு கன மீட்டரில். உற்பத்தி எண்ணும் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி, அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். மரப்பலகைகளின் பல வரிசைகள் அங்கே 1961 வரை பின்னால் போகின்றன, ஆனால் எம்.டி.எஃப் தனியாகக் கிடைப்பது 1995 முதல்தான்.

இரண்டு தளத்தையும் கலக்காதீர்கள். அ நாட்டை ஒன்றிலிருந்தும் ஆ நாட்டை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் முதலிலேயே கண்ணில் குத்தும், அதைத் திருத்திவிடுவீர்கள். திருத்த முடியாதது உள்ளே இருக்கும் சின்ன வித்தியாசங்கள். எஃப்.ஏ.ஓ. தன் கேள்விப்பட்டியலுக்கு நாடுகள் தரும் பதிலை வாங்குகிறது, பதில் வராத இடத்தில் மதிப்பீடு போடுகிறது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி வைக்கிறது. அந்தக் குறியைப் பாருங்கள். ஏ (A) என்றால் அதிகாரப்பூர்வம், ஈ (E) என்றால் மதிப்பீடு, ஐ (I) என்றால் கணக்கிட்டு நிரப்பியது. அ நாட்டின் எண்கள் முழுக்க ஏ, ஆ நாட்டில் கடைசி மூன்று வருடம் ஐ என்றால், அந்த மூன்று வருடத்தை வைத்துப் போக்கு பேசுவது நியாயமில்லை.

பதிவிறக்கும்போது இன்னும் மூன்று இடத்தில் கை நழுவும். முதலாவது, "உலகம்" என்ற மொத்த வரிசையும் தனித்தனி நாட்டு வரிசைகளும் ஒரே கோப்பில் வரும், எல்லாவற்றையும் கூட்டினால் விடை இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது, எஃப்.ஏ.ஓ.ஸ்டாட்டில் சீனா என்று ஒன்றும், சீனப் பெருநிலம் என்று ஒன்றும் இருக்கும். முதல் வரிசையில் ஹாங்காங், மக்காவ், தைவான் எல்லாம் அடக்கம். காம்ட்ரேட்டிலோ சீனாவின் எண்ணில் அந்த மூன்றும் இல்லை. மூன்றாவது, வெற்றுக் கட்டம். வெறுமையாக இருந்தால் அந்த நாடு இன்னும் கணக்கு அனுப்பாமல் இருக்கலாம், உடனே பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டும்போதும் கழிக்கும்போதும் விரிதாள் வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளும்.

கப்பல் கட்டணம் உள்ளே இருக்கிறதா

சி.ஐ.எஃப் என்றால் பொருளின் விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் மூன்றும் சேர்ந்தது, அதாவது இறக்குமதி செய்யும் நாட்டு எல்லைக்கு வந்து சேர்ந்தபோது உள்ள மதிப்பு. எஃப்.ஓ.பி என்றால் ஏற்றுமதி செய்யும் நாட்டில் கப்பல் ஏறும்போது உள்ள மதிப்பு. சர்வதேச வழிகாட்டுதல் இறக்குமதியை சி.ஐ.எஃப்-இலும் ஏற்றுமதியை எஃப்.ஓ.பி-யிலும் எழுதச் சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் எல்லா நாடும் இல்லை, கனடா இறக்குமதியையும் எஃப்.ஓ.பி அடிப்படையில் எழுதுகிறது. காம்ட்ரேட் கோப்பில் சி.ஐ.எஃப் மதிப்புக்கும் எஃப்.ஓ.பி மதிப்புக்கும் தனித்தனி நெடுவரிசை உண்டு, எது நிரம்பியிருக்கிறது எது காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே அந்த நாடு எந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தங்கத்துக்கோ கைப்பேசிக்கோ இது பெரிய விஷயமில்லை. பலகைக்குப் பெரிய விஷயம். எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் தடிமன் எம்.டி.எஃப் ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1.22 × 2.44 × 0.018, சுமார் 0.0536 கன மீட்டர். கன மீட்டருக்கு 700 கிலோ என்று வைத்தால் ஒரே ஷீட் முப்பத்தேழரைக் கிலோ. இவ்வளவு கனமும் இடமும் பிடிக்கிற, ஆனால் விலை அதிகமில்லாத பொருளில் சரக்குக் கட்டணம் விலையின் கணிசமான பங்காகிவிடும். பக்கத்து நாட்டிலிருந்து லாரியில் வாங்கும் அ நாட்டுக்கும், இரண்டு சமுத்திரம் தாண்டி வாங்கும் ஆ நாட்டுக்கும் தொழிற்சாலை வாசலில் விலை ஒன்றாகவே இருந்தாலும், சி.ஐ.எஃப் மதிப்பில் ஆ கூடுதலாகத்தான் தெரியும். 2021-இல் கன்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியபோது பலகைக்காரர்கள் அனுபவித்த சிரமத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருடத்தின் இறக்குமதி மதிப்பில் ஒரு பகுதி பலகைக்குப் போன பணமே இல்லை, கப்பலுக்குப் போன பணம்.

ஒரு நாடு சி.ஐ.எஃப், இன்னொன்று எஃப்.ஓ.பி என்று சிக்கினால் என்ன செய்வது? சிலர் பத்து சதவீதம் கூட்டிச் சரி செய்வார்கள், பழைய கைக்கணக்கு அது. பலகைக்கு அதை அப்படியே போடுவது எனக்குச் சம்மதமில்லை, தூரமும் வருடமும் மாறினால் அந்தச் சதவீதமும் நிறைய மாறும். நாட்டின் சொந்தப் புள்ளிவிவரத்தில் இரண்டு மதிப்பும் கிடைக்கிறதா என்று பாருங்கள், அமெரிக்காவின் தரவில் சுங்க மதிப்பும் சி.ஐ.எஃப் மதிப்பும் இரண்டும் உண்டு. கிடைக்காவிட்டால் மதிப்பை விட்டுவிட்டு அளவை ஒப்பிடுங்கள். கன மீட்டருக்கு சி.ஐ.எஃப் கிடையாது.

இன்னொன்று, இந்த மதிப்பு எதிலும் சுங்க வரி சேராது. ஒரு நாட்டில் பலகை சந்தையில் என்ன விலைக்கு விற்கிறது என்பதை இந்த எண்ணிலிருந்து ஊகிக்கக் கூடாது.

மதிப்பைப் பிரிப்பது

இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும். அ நாடு 24 கோடி டாலருக்கு 8 லட்சம் கன மீட்டர் வாங்கியது. ஆ நாடு 18 கோடி டாலருக்கு 4 லட்சம் கன மீட்டர் வாங்கியது. வகுத்தால் அ கன மீட்டருக்கு 300 டாலர், ஆ 450 டாலர். மதிப்பில் முக்கால் பங்கு இருக்கும் ஆ, அளவில் பாதிதான்.

வித்தியாசம் 6 கோடி. இதில் அளவால் வந்தது எவ்வளவு, விலையால் வந்தது எவ்வளவு? இரண்டு நாட்டின் விலைக்கும் சராசரி 375, அளவுக்குச் சராசரி 6 லட்சம். அ கூடுதலாக வாங்கிய 4 லட்சம் கன மீட்டரை 375-ஆல் பெருக்கினால் 15 கோடி, அளவில் அ இவ்வளவு முன்னால் நிற்கிறது. விலையில் அ 150 டாலர் குறைவு, அதை 6 லட்சத்தால் பெருக்கினால் 9 கோடி, விலையில் அ இவ்வளவு பின்னால் நிற்கிறது. 15-இல் 9 போனால் 6. சராசரியை வைத்துப் பெருக்கினால் எந்த மிச்சமும் இல்லாமல் கணக்கு பொருந்தும், அதனால்தான் ஏதோ ஒரு நாட்டின் விலையை எடுக்காமல் சராசரியை எடுக்கிறேன். ஆறு கோடி என்ற சின்ன வித்தியாசத்துக்குள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு பெரிய எண்கள் ஒளிந்திருந்தன.

இந்த இடத்தில் நான் ஒரு காலத்தில் நின்றுவிடுவேன். "ஆ நாடு ஐம்பது சதவீதம் அதிக விலை கொடுக்கிறது" என்று எழுதி ஒரு பலகை வியாபாரியிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இதுல லேமினேட் தரை எவ்வளவு?" எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு இந்த வேலையை நான் செய்யும் முறையே மாறிவிட்டது.

விஷயம் இதுதான். 44ஆம் அத்தியாயத்தின் குறிப்பு ஒன்று, 4410, 4411, 4412 பலகைகளின் ஓரத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பொருத்த நாக்கும் பள்ளமும் வெட்டியிருந்தாலும் அவை அந்தத் தலைப்பிலேயே இருக்கலாம் என்கிறது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் போடும் லேமினேட் தரை நார்ப்பலகை மேல் அச்சிட்ட காகிதம் ஒட்டி, ஓரம் வெட்டி, பெட்டியில் அடைத்து வரும் முடிந்த பொருள். அது 4411-க்குள்தான் வரும். 8 மில்லிமீட்டர் தரை 4411.13-க்கும், 12 மில்லிமீட்டர் தரை 4411.14-க்கும் போய்ச் சேரும். அலமாரி செய்யும் சாதாரணப் பலகையும் இதுவும் ஒரே கூடையில்.

இப்போது அதே எண்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். அ நாடு சாதாரணப் பலகை 7 லட்சம் கன மீட்டர், விலை 270. தரைப்பலகை 1 லட்சம், விலை 510. முதலாவது 18.9 கோடி, இரண்டாவது 5.1 கோடி, மொத்தம் 24. ஆ நாடு சாதாரணப் பலகை 1 லட்சம், தரைப்பலகை 3 லட்சம், விலைகள் அதே 270, 510. கூட்டினால் 2.7 கோடியும் 15.3 கோடியும், மொத்தம் 18. அதாவது ஆ நாடு எதற்கும் ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்கவில்லை. மேலே விலையால் வந்தது என்று நாம் எழுதிய 9 கோடி முழுவதும் வாங்கிய பொருட்களின் கலவையால் வந்தது. சாதாரணப் பலகை விற்க நினைப்பவருக்கு அ ஏழு மடங்கு பெரிய சந்தை, தரைப்பலகை விற்க நினைப்பவருக்கு ஆ மூன்று மடங்கு பெரிய சந்தை. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இரண்டு எதிரெதிர்ப் பதில்கள், இரண்டும் சரி.

நிஜத் தரவு இவ்வளவு அழகாகப் பொருந்தாது. ஆனால் செய்யவேண்டியது இதேதான். 4411.12, 13, 14 மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பும் அளவும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விலை போடுங்கள். மூன்றிலும் இரண்டு நாட்டு விலைகள் அருகருகே இருந்தால் வித்தியாசம் கலவையில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் விலகினால் அந்த நாட்டின் எட்டு அல்லது பத்து இலக்கத் தரவுக்குப் போய், மேற்பரப்பு ஒட்டியதா வெறும் பலகையா, ஓரம் வெட்டியதா என்று பாருங்கள். பார்ட்டிகிள் போர்டிலும் இதே கதை, 4410.11-க்குள் வெறும் பலகையும் மெலமைன் காகிதம் ஒட்டிய பலகையும் சேர்ந்தே இருக்கும். ஐரோப்பிய எட்டு இலக்க எண்ணில் அவை தனித்தனி, ஆறு இலக்கத்தில் ஒன்று.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிட்டால் மேலே செய்த வகுத்தல் அத்தனையும் வீண். நாடுகள் பலகையை ஒரே அளவையில் எழுதுவதில்லை, கிலோ, கன மீட்டர், சதுர மீட்டர் என்று போகும். சதுர மீட்டரைத் தடிமன் தெரியாமல் கன மீட்டராக்க முடியாது. கிலோவை அடர்த்தி வைத்து மாற்றலாம், எம்.டி.எஃப்-க்கு 700-ஐ ஒட்டி, ஆனால் மெல்லிய பலகைக்கும் தரைப்பலகைக்கும் அடர்த்தி கூடும் என்பதால் நான் முடிந்தவரை இரண்டு நாட்டையும் கிலோவிலேயே வைத்து ஒப்பிடுவேன். வட அமெரிக்க ஆவணங்களில் ஆயிரம் சதுர அடி, எட்டில் மூன்று அங்குல அடிப்படை என்று ஓர் அளவை வரும், அது 0.885 கன மீட்டர். அப்புறம், காம்ட்ரேட்டில் எடையும் அளவும் மதிப்பிடப்பட்டவையா என்று காட்டும் நெடுவரிசைகள் உண்டு. ஒரு நாடு எடை அனுப்பாவிட்டால் மதிப்பை ஒரு நிலையான விலையால் வகுத்து அளவை நிரப்புகிறார்கள். அந்த அளவை வைத்து நீங்கள் மறுபடி விலை கண்டுபிடித்தால் வருவது அவர்கள் போட்ட அதே விலைதான், அந்த நாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மதிப்பிடப்பட்டது என்று குறி இருந்தால் அந்த வருடத்துக்கு விலை எழுதாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பது

அ நாடு ஒரு நாட்டிலிருந்து இவ்வளவு வாங்கியதாகச் சொன்னால், அந்த விற்ற நாடும் அ-வுக்கு இவ்வளவு விற்றதாகச் சொல்லியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஏற்றுமதி எஃப்.ஓ.பி, இறக்குமதி சி.ஐ.எஃப் என்பதால் இறக்குமதி எண் கொஞ்சம் பெரிதாக இருப்பது இயல்பு. தலைகீழாக இருந்தால், அல்லது பாதி, இரண்டு மடங்கு என்று இருந்தால் தோண்டவேண்டிய இடம் அதுதான். டிசம்பரில் கப்பல் ஏறி ஜனவரியில் இறங்கிய சரக்காக இருக்கலாம், வேறு எச்.எஸ். எண்ணில் எழுதப்பட்டிருக்கலாம், மூன்றாவது நாட்டுத் துறைமுகம் வழியாக வந்திருக்கலாம்.

மூன்றாவது நாடு என்பது பலகை வணிகத்தில் சின்ன விஷயமே இல்லை. இறக்குமதி செய்யும் நாடு சரக்கு உருவான நாட்டின் பெயரை எழுதும், ஏற்றுமதி செய்யும் நாடு கடைசியாகப் போய்ச் சேரும் நாடு என்று தனக்குத் தெரிந்ததை எழுதும், நடுவில் நெதர்லாந்து போன்ற துறைமுக நாடுகள் வாங்கித் திரும்ப விற்கும். அப்படிப்பட்ட நாடு உங்கள் அ அல்லது ஆ-வாக இருந்தால் இறக்குமதி மட்டும் போதாது, அதே பொருளின் ஏற்றுமதியையும் எடுத்துக் கழித்துப் பாருங்கள். வரிகளும் தடைகளும் இதே இடத்தில் விளையாடும். 2018 ஜனவரியில் அமெரிக்கா சீன ஹார்ட்வுட் ப்ளைவுட் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரியை (மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) உறுதி செய்தது, சீனாவின் பங்கு சரிந்து வியட்நாம் போன்ற நாடுகளின் பங்கு ஏறியது. ரஷ்ய பிர்ச் ப்ளைவுட் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2021 நவம்பரில் வரி போட்டது, 2022 ஜூலையிலிருந்து ரஷ்ய மரப்பொருட்களே உள்ளே வர முடியாமல் போனது, பிறகு துருக்கி, கஜகஸ்தான் வழியாக வந்த சரக்குக்கும் 2024-இல் அந்த வரி நீட்டிக்கப்பட்டது. இப்படி ஒரு நிகழ்வு உங்கள் வருடங்களுக்குள் இருந்தால், மொத்த மதிப்பை மட்டும் பார்க்காமல் எந்த நாட்டிலிருந்து என்று பிரித்துப் பாருங்கள், முக்கால்வாசி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஐரோப்பிய நாடு என்றால் ஒரு கேள்வி கூடுதல். ஒன்றியத்துக்கு உள்ளிருந்து வந்ததும் இறக்குமதியில் சேருமா? ஜெர்மனி போன்ற ஒரு நாட்டின் எண்ணை எடுக்கும்போது சேரும். ஒன்றியம் முழுவதையும் ஒரே நாடாக எடுத்து அமெரிக்காவோடு ஒப்பிட்டால் சேர்க்கக் கூடாது, இல்லாவிட்டால் அமெரிக்காவின் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன பலகையையும் எண்ண வேண்டியிருக்கும்.

பணமும் வருடமும்

நாட்டின் சொந்தத் தரவிலிருந்து எடுத்தால் நாணயத்தை நீங்களே மாற்ற வேண்டும். வருடக் கடைசி நாள் மாற்று விகிதத்தைப் போடாதீர்கள், வருட சராசரி போடுங்கள், மாதத் தரவு இருந்தால் மாத சராசரி இன்னும் நல்லது. யென் 2021-இல் டாலருக்குச் சராசரியாக 110-ஐ ஒட்டி இருந்தது, 2022-இல் 131-ஐ ஒட்டிப் போனது. டாலரில் விலை பேசி வாங்கிய அதே அளவு சரக்கு, ஜப்பானின் யென் கணக்கில் ஏறக்குறைய இருபது சதவீதம் கூடித் தெரியும். ஒரு வளர்ச்சியும் நடக்கவில்லை.

வருடம் என்பதும் எல்லோருக்கும் ஒன்றில்லை. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஆஸ்திரேலியாவுடையதும் பாகிஸ்தானுடையதும் ஜூலை முதல் ஜூன் வரை. மாதத் தரவு எடுத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை நீங்களே கூட்டிக்கொள்வதுதான் ஒரே ஒழுங்கான வழி. சின்ன நாடுகளுக்கு ஒரு வருடத்தை மட்டும் எடுக்காதீர்கள், ஒரு பெரிய கட்டுமானத் திட்டம் வந்தாலே எண் குதித்துவிடும். மூன்று வருட சராசரி வையுங்கள்.

விலை தாவும் பொருட்களில் வருடத் தேர்வே முடிவை மாற்றிவிடும். அமெரிக்கா இறக்குமதி செய்யும் ஓ.எஸ்.பி ஏறக்குறைய எல்லாம் கனடாவிலிருந்து வருவது. 2021-இல் வட அமெரிக்காவில் ஓ.எஸ்.பி விலை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போய் பிறகு இறங்கியது. அந்த ஒரு வருடத்தை அடிப்படையாக வைத்து அமெரிக்காவை வேறொரு நாட்டோடு ஒப்பிட்டால் அமெரிக்கா அதற்குப் பிறகு ஓ.எஸ்.பி வாங்குவதையே குறைத்துவிட்டது போல ஒரு தோற்றம் வரும். இந்த மாதிரி நேரத்தில் மதிப்புக் கோட்டுக்குக் கீழேயே அளவுக் கோட்டையும் வரைந்து காட்டுவது வாசிப்பவருக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை.

எதனால் வகுப்பது

இரண்டு எண்களும் இப்போது ஒரே சாதி. ஆனாலும் ஒரு பெரிய நாட்டையும் சின்ன நாட்டையும் அப்படியே வைத்தால் பெரியது பெரியது என்பதைத் தவிர எதுவும் தெரியாது. தலைக்கு எவ்வளவு என்று மக்கள்தொகையால் வகுப்பது எளிது. ஆனால் என் மனதுக்குப் பிடித்தது வேறு. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால் அந்த நாடு தோராயமாக எவ்வளவு பயன்படுத்துகிறது என்று வரும், அதில் இறக்குமதி எத்தனை பங்கு என்று பாருங்கள். எஃப்.ஏ.ஓ.ஸ்டாட்டில் உற்பத்தி எண் இருக்கிறது என்று சொன்னது இதற்காகத்தான். உலகிலேயே அதிகமாக ப்ளைவுட்டும் எம்.டி.எஃப்-பும் செய்யும் நாடு சீனா, அதன் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு முன்னால் இறக்குமதி மிகச் சின்னது. இறக்குமதி மதிப்பை மட்டும் பார்த்துச் சந்தையின் அளவைச் சொல்பவர் அந்த நாட்டை வரைபடத்திலேயே காண மாட்டார். இந்தக் கணக்கைக் கன மீட்டரில் செய்யுங்கள், உற்பத்திக்கு டாலர் மதிப்பு அங்கே கிடைக்காது.

இனி அட்டவணை போடலாம். அதற்குக் கீழே ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள், எச்.எஸ். எண்கள் எவை, எந்தப் பதிப்பு, எந்த வருடம், சி.ஐ.எஃப்-ஆ எஃப்.ஓ.பி-யா, எந்தத் தளம், எந்தத் தேதியில் இறக்கியது. தேதி ஏன் என்றால், நாடுகள் பழைய வருடத்து எண்களையும் திருத்தி மறுபடி அனுப்பும், ஆறு மாதம் கழித்து அதே தேடலைச் செய்தால் வேறு எண் வரலாம். யாராவது உங்கள் அட்டவணையைச் சரிபார்க்கும்போது எண் பொருந்தாவிட்டால், தவறு உங்களுடையதா, திருத்தம் அவர்களுடையதா என்று சொல்ல அந்த ஒரு தேதிதான் இருக்கும். இறக்கிய மூலக் கோப்பை எதுவும் மாற்றாமல் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், கூட்டல் கழித்தல் எல்லாம் வேறு தாளில்.